சூட்டில் அமுக்கப்பட்ட இன்கோனெல் 718: நாங்கள் கண்டவை

உலைமுகம் எழுதியது:

இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையை ஆராய்ந்த நாட்களில் என்னை நான்கு மாதம் அலைக்கழித்த ஒரு முடிவைப் பகிர்கிறேன். 10 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. உயரமும் உள்ள உருளைகளை 1050 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, உயரம் ஏறத்தாழப் பாதியாகும்வரை, அதாவது உண்மைத் திரிபு (உயர மாற்றத்தின் மடக்கை அளவு) 0.7 ஆகும்வரை, வெவ்வேறு வேகங்களில் அமுக்கினேன். இத்தகைய நிக்கல் கலவைகளில் அடுக்குப் பிழை ஆற்றல் (அணு அடுக்குகளின் வரிசை பிறழ ஆகும் ஆற்றல்) குறைவு என்பதால், அமுக்கும்போது பெருகும் டிஸ்லொகேஷன்கள், அதாவது படிகத்தினுள் உள்ள கோட்டுக் குறைகள், எளிதில் கலைந்து அடங்குவதில்லை. அவை அடர்ந்து அடர்ந்து, பழைய படிகமணிகளின் எல்லைகள் புடைத்து, அந்த எல்லைகளை ஒட்டிப் புதிய சிறுமணிகள் முத்துமாலை கோத்ததுபோல் முளைக்கின்றன. இதற்கு நேரம் வேண்டும்; ஆகவே வேகமாக அமுக்கிய மாதிரியில் புதுமணிகள் குறைவாகவே இருக்கும் என்று நம்பினேன்.

மெருகேற்றி, அமிலத்தில் அரித்து, நுண்ணோக்கியில் பார்த்தபோது நொடிக்கு 10 என்ற திரிபு வீதத்தில் (அமுக்கும் வேகத்தின் அளவு) அமுக்கியதில்தான், நொடிக்கு 1 என்ற வீதத்தில் அமுக்கியதைவிடப் புதுமணிகள் நிறைந்திருந்தன. மாதிரிகளின் எண்கள் மாறிவிட்டனவோ என்று அஞ்சி மூன்று முறை திரும்பச் செய்தேன், முடிவு மாறவில்லை.

ஒருநாள் சோதனையைக் கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணத்தின் ஒரு பாதி தெரிந்தது. நொடிக்கு 10 என்ற வீதத்தில் அமுக்கம் நடந்து முடிய ஆகும் காலம் 0.07 நொடி. உள்ளமைப்பு அப்படியே உறையும்படி மாதிரியை நான் இடுக்கியால் எடுத்து நீரில் போட ஆன காலமோ ஏறத்தாழ 3 நொடி. அமுக்கத்தின்போது கருக்கொண்ட மணிகள், அமுக்கம் நின்ற பின்பும் அந்த 3 நொடியில் தடையின்றி வளர்ந்திருக்கின்றன. வேகமாக அமுக்கியதில் தேங்கிய ஆற்றல் மிகுதி என்பதால் வளர்ச்சியும் விரைவு. நீர்த்தாரையை மாதிரியின்மீதே பாயும்படி அமைத்த பிறகு வேறுபாடு பெருமளவு குறைந்தது. மீதியிருந்தது வேக அமுக்கத்தில் உள்ளே பிறந்த வெப்பம். என் கணக்கில் அது 40 டிகிரி அளவுக்கு வந்தது. அமுக்கும்போது பதிவான தகைவு வளைகோட்டை (திரிபுக்கேற்ப உலோகம் காட்டும் எதிர்ப்பை) வெப்பத் திருத்தம் செய்யாமல் 1050 டிகிரிக்குரியது என்று சொல்வது பிழை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். குளிர்விக்க ஆன காலத்தைக் குறிப்பிடாத நுண்ணமைப்புப் படத்தை இன்று நான் ஏற்பதில்லை.

பட்டறைவாசி எழுதியது:

நண்பர் சொன்ன 1050 டிகிரி, டெல்டா கட்டம் கரைந்துவிடும் வெப்பநிலைக்கு மேலே உள்ளது. எங்கள் உலைக்கூடத்தில் இக்கலவையை வட்டுகளாக அடிக்கும்போது பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்போம். நயோபியம் அளவைப் பொறுத்து அந்த எல்லை 1010 முதல் 1030 டிகிரி வரை அமைகிறது. டெல்டா என்பது மூன்று பங்கு நிக்கலும் ஒரு பங்கு நயோபியமும் சேர்ந்த, தகடுபோன்ற கட்டம். மணி எல்லைகளில் நின்று அவற்றை நகரவிடாமல் பிடித்துவைக்கும்.

ஒருமுறை உலையின் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) குறைவாகக் காட்டியதால் ஒரு தொகுதி முழுவதும் அந்த வெப்பநிலை எல்லைக்கு மேலே ஊறிவிட்டது. அழுத்தியின்கீழ் உலோகம் மெழுகுபோல் இணங்கியதால் அன்று எல்லோரும் மகிழ்ந்தோம். வெட்டிப் பார்த்தபோது வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மணிகள் பருத்திருந்தன. அதே சமயம் டெல்டாவை மிகுதியாக விட்டுவைப்பதும் தவறு. கலவைக்கு வலிமை தரும் காமா இரட்டைப் பிரைம் கட்டத்துக்கு வேண்டிய நயோபியத்தை அது எடுத்துக்கொண்டுவிடும். 980 டிகிரியில் அடிக்கும்போது டெல்டாத் தகடுகள் முறிந்து உருண்டு, அவற்றைச் சுற்றிப் புதுமணிகள் எழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்த நுண்ணமைப்பு அதுவே.

உலைமுகம் எழுதியது:

ஐயா, தங்கள் பகிர்வைப் படித்ததும் என் பழைய 980 டிகிரி மாதிரிகளை மீண்டும் எடுத்தேன். அவற்றை அமுக்க அச்சுக்குக் குறுக்கே, ஒரு முனையை ஒட்டி வெட்டியிருந்தேன். உராய்வால் உருளை பீப்பாய்போல் புடைத்திருந்ததால், முனையை ஒட்டிய பகுதி ஏறக்குறைய உருமாறாமலேயே இருந்திருக்கிறது. அச்சுவாக்கில் வெட்டி நடுப்பகுதியைப் பார்த்தபோது, தாங்கள் சொன்ன உருண்ட டெல்டாவும் அதைச் சுற்றிய சிறுமணிகளும் அங்கே இருந்தன.