தருமபுரி – கிருஷ்ணகிரி, சாதா சைக்கிளில் ஒன்றரை மணி நேரமா? யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

பாலக்கோட்டான்:
நேற்று இங்கே ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். கேரியர் வைத்த சாதா சைக்கிளில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்றரை மணி நேரமாம். ‘சராசரி மணிக்கு 30 கி.மீ., அசால்ட்’ என்று வேறு. அந்த வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் 18. பெடல் ஒரு சுற்றுக்கு 5.5 மீட்டர்தான் நகரும். 30 வர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 90 சுற்றுக்கு மேல், வழி முழுக்க. 60 சுற்று மிதித்தால் 20கூட வராது.

டேம்ரோடு தம்பி:
அந்த ‘ஒருவர்’ நான்தான் அண்ணா. பெயர் சொல்லியே திட்டுங்கள். போனில் 30 காட்டியது. பல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வண்டி நகராது.

மொரப்பூர் பயணி:
டீக்கு நின்ற நேரத்தைச் சேர்த்தா, சேர்க்காமலா? அதை முதலில் சொல்லுங்களேன்.

பாலக்கோட்டான்:
நின்றாலும் நிற்காவிட்டாலும் 30 வராது. ஆடிக் காற்று முதுகில் தள்ளியிருக்கும். திரும்பி வந்த கணக்கு எங்கே?

டேம்ரோடு தம்பி:
திரும்பி பஸ்ஸில் வந்தேன். அது என் இஷ்டம்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, நீ போட்ட போட்டோவில் சீட் ஹேண்டில்பாரைவிட ஒரு சாண் கீழே கிடக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் போதும். இவ்வளவு தாழ்ந்த சீட்டில் 90 சுற்று மிதித்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்? செயினில் செம்மண் அப்பி கறுப்புப் பசையாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயா விட்டாய்?

டேம்ரோடு தம்பி:
என்ஜின் ஆயில் சார். சீட்டை ஏற்றினால் நிற்கும்போது கால் எட்டாது.

பழைய ஸ்பேனர்:
நிற்கும்போது சீட்டைவிட்டு இறங்கி நில். மண்ணெண்ணெயில் பழைய அழுக்கைத் துடைத்துவிட்டு, செயினில் கண்ணிக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். அப்புறம் வெளியே நிற்கும் எண்ணெயைத் துணியால் வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி மண்தான். இதைச் சொன்னால் இப்போது யார் கேட்கிறார்கள்.

மொரப்பூர் பயணி:
மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? நான் டீசலில் துடைக்கிறேன்.

பழைய ஸ்பேனர்:
டீசலா! அந்த நாற்றத்தோடு வீட்டுக்குள் விடுகிறார்களா உங்களை?

பாலக்கோட்டான்:
எண்ணெய்க் கதையில் 30-ஐ மறைக்காதீர்கள். 1972ல் பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ சிட்டியில் உலகச் சாதனை செய்தபோதே ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ.தான். அது பந்தயத் தளத்தில் ஓட்டும் ட்ராக் சைக்கிள். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் எதுவும் கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை பலூனாக உப்ப, 30 போனாராம். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனீர்களா?

டேம்ரோடு தம்பி:
கிருஷ்ணகிரிக்காரன் எது செய்தாலும் உங்களுக்குப் பொறுக்காது. 2004ல் நாங்கள் தனி மாவட்டமானதிலிருந்தே இந்த வயிற்றெரிச்சல். முன்பு இங்கே மாம்பழப் பேச்சு வந்தபோதும் இதையேதான் செய்தீர்கள்.

பாலக்கோட்டான்:
மாவட்டம் பிரிந்தால் ஃப்ரீவீலில் பல் குறைந்துவிடுமா? மாம்பழத்தில் நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சொல்வேன். ஒகேனக்கல் போனபோது நீங்கள் இரவல் வாங்கிய என் காற்றடிக்கும் பம்ப் இன்னும் வரவில்லை, அதைப் பற்றியும் பேசலாமா?

மொரப்பூர் பயணி:
நடுவில் ஒரு சந்தேகம். பின் டயரில் காற்று நிற்கவில்லை, டியூபில் பஞ்சர் இல்லை. வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய் இருக்கிறதே, அந்த வால்வ் டியூப் மாற்றினால் சரியாகுமா?

டேம்ரோடு தம்பி:
வாஷர் போன பம்ப் அது. உங்கள் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.

பாலக்கோட்டான்:
வாஷர் நான் மாற்றிப் போட்டது, நன்றாகத்தான் இருந்தது. எந்தக் கடைக்காரர்? எப்போது? 30 மாதிரி இதையும் போன்தான் காட்டியதா?

டேம்ரோடு தம்பி:
30தான். போய் எண்ணுங்கள்.