நகரும் திருவிழாவை ஆண்டுச் சக்கரத்தில் காட்டுவது எப்படி?

நாகப்பட்டினத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஊர்த் திருவிழாக்களின் ஆண்டுச் சக்கரம் ஒன்று வரைகிறேன். நாகூர் தர்கா விழாவான கந்தூரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

வேளாங்கண்ணி எளிது: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. சிக்கல் ஊர் முருகன் சிங்காரவேலர் வேல் வாங்கி முகம் வியர்க்கும் நாள் திதிப்படி அக்டோபர், நவம்பருக்குள் முன்பின் வரும். கந்தூரியோ ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமியச் சந்திர ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும்.

தேதியை எழுதி ஒட்டினேன், அடுத்த வருடமே பொருந்தவில்லை. அப்புறம் கந்தூரிக்குத் தனி வட்டம் போட்டேன். பிள்ளைகள் அதை வேற்றூர் விழா போலப் பார்த்தார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. கந்தூரியின் சந்தனக்கூடு ஊர்வலம் வரும் இரவில் எல்லா வீட்டாரும்தான் தெருவில் நிற்கிறார்கள்.

ஜூனில் பள்ளி திறக்குமுன் முடிக்க வேண்டும். மூன்று விழாக்களும் ஒரே படத்தில் சமமாகத் தெரிய எப்படி வரையலாம்?