ஐஸ் ஏரியில இறங்கலாமா? பின்லாந்துல இருக்கறவங்க சொல்லுங்க

கேள்வி: பின்லாந்துல தாம்பரே ஊருக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம், ஆபீஸ்ல எல்லாரும் ராவ்ஹனியெமி சௌனாவுக்குப் (சூடான நீராவிக் குளியல் இடம்) போயி நேசியார்வி ஏரி ஐஸ்ல வெட்டின குழியில இறங்கலாம்னு கூப்பிடறாங்க, எனக்கு நீச்சல் சுமாராத்தான் வரும், பயமா இருக்கு, போகலாமா?

பதில் 1: தாராளமா போங்க ப்ரோ, ஏணியப் புடிச்சுட்டு கழுத்து வரைக்கும் நின்னாலே போதும். தண்ணி 0 டிகிரி பக்கம் இருக்கும், முதல் ஒரு நிமிஷம்தான் கண்டம், உடம்பு தன்னால 'ஹா'ன்னு மூச்சை இழுக்கும், அப்போ தலை உள்ள இருந்தா தண்ணி நுரையீரலுக்குப் போயிடும், அதனால தயவுசெஞ்சு குதிக்காதீங்க, மூச்சை மெதுவா விட்டுகிட்டே இறங்குங்க.

பதில் 2: பிபி, ஹார்ட் பிரச்சனை இருந்தா டாக்டரைக் கேக்காம வேணாங்க. சரக்கடிச்சுட்டும் தனியாவும் இறங்கவே கூடாது.

பதில் 3: கம்பளித் தொப்பியும் நியோப்ரீன் (ரப்பர் மாதிரி மெட்டீரியல்) ஷூவும் எடுத்துக்கோங்க, ஈரக்காலு ஐஸ்ல வழுக்கும். வெளிய வந்தப்புறமும் கொஞ்ச நேரம் உடம்புச்சூடு இறங்கிட்டேதான் இருக்கும், ஈரத்தோட நிக்காதீங்க.