குழந்தைகளுக்காகக் கோர்ட்டில் பேசுகிறவர்கள்: உங்கள் அனுபவம்?

டெக்சஸிலிருந்து:

நான் காசா (CASA) தன்னார்வலர், அதாவது கோர்ட் நியமிக்கும் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரதிநிதி. ஃபாஸ்டர் கேரில் (பெற்றோரிடமிருந்து பிரித்துத் தற்காலிகமாக வேறு வீட்டில் வளர்க்கும் அரசு ஏற்பாடு) இருக்கும் குழந்தைக்கு எது நல்லது என்று விசாரித்து நீதிபதிக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. வக்கீல் படிப்பு வேண்டாம். பின்னணிச் சோதனை, சுமார் 30 மணி நேரப் பயிற்சி, அப்புறம் நீதிபதி முன்னால் உறுதிமொழி. 1977இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப் தொடங்கிய ஏற்பாடு இது. குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கத் தன்னிடம் இருக்கும் தகவல் போதவில்லை என்று நினைத்து, சாதாரண ஜனங்களை உதவிக்குக் கூப்பிட்டார்.

கேஸ் ஃபைலைப் படித்தால் யாருக்கும் பெற்றவள் மேல் கோபம்தான் வரும். எனக்கு வந்த அக்கா தம்பி வழக்கில் "தாய் சந்திப்புக்கு வரவில்லை" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. நேரில் போய்ப் பேசினேன். அவளுக்குக் கிடங்கில் வேலை. சந்திப்பு வைத்திருந்ததோ வார நாள் மதியம், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய அலுவலகத்தில். அடிக்கடி லீவு கேட்டால் வேலை போய்விடும். வேலை இல்லையென்றால் பிள்ளைகள் திரும்பி வருவது கஷ்டம். வழக்கைக் கவனிக்கும் அரசு ஊழியரான கேஸ் ஒர்க்கரைக் குறை சொல்ல முடியாது, அவர் தலையில் அத்தனை குடும்பங்கள். ரிப்போர்ட்டில் இதை எழுதினேன். "சனிக்கிழமை வைத்தால் என்ன?" என்று மட்டும் நீதிபதி கேட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா தவறாமல் வந்தாள்.

பெரியவள் வீட்டுக்குப் போகணும் என்றாள். சின்னவன், வளர்ப்பு வீட்டில் நாய் இருக்கிறது, இங்கேயே இருக்கிறேன் என்றான். குழந்தையின் விருப்பத்துக்காக வாதாட அட்டர்னி ஆட் லைட்டம் என்ற வக்கீல் தனியாக உண்டு. நான் எழுத வேண்டியது எது நல்லது என்று. விருப்பம் வேறாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதணும். இங்கே வழக்கை ஓராண்டில் முடிக்க வேண்டும், அசாதாரணமான காரணம் இருந்தால் 180 நாள் நீட்டிப்பு கிடைக்கும். அந்த நீட்டிப்பில்தான் இரண்டு பேரும் கோர்ட் கண்காணிப்போடு அம்மாவிடம் போனார்கள்.

நம்மவர்கள் நிறையப் பேர் "பாவம், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றணும்" என்று வருகிறார்கள். பெற்றோரிடமே திரும்பச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் முதல் இலக்கு என்று பயிற்சியில் சொன்னதும் முகம் மாறிவிடும். அதை ஏற்க முடியாதவர்களுக்கு இது ஒத்து வராது என்பது என் கருத்து.

வட கரோலினாவிலிருந்து:

டெக்சஸ் அக்கா சொன்னது சரி, ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடிவதில்லை. இங்கே இதற்குப் பெயர் கார்டியன் ஆட் லைட்டம். மாநில அரசே நடத்துகிறது, நம்மோடு ஒரு வக்கீலும் இருப்பார். 1997இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் ஃபாஸ்டர் கேரில் கழிந்தால், உறவினரிடம் வளர்வது போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க மாநில அரசு மனு போட்டாக வேண்டும். என் பையனுடைய (அப்படித்தான் வாயில் வருகிறது) பெற்றோரின் உரிமை நீங்கியது. தத்துப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டான். 12 வயது ஆகிவிட்டால் பொதுவாகப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று, ஓட்டுநர் உரிமம். பீட்சா கடையில் வேலை கிடைக்கும், ஆனால் பஸ் இல்லாத ஊர். விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுவது, காப்பீடு யார் பெயரில் என்று ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். சூப்பர்வைசர் சிரித்தார். இழுத்து இழுத்து ஒருவழியாகக் கிடைத்தது. அந்தத் தாள்களில் அவன் ஆர்வமாகக் கேட்டு வாங்கிப் படித்த பகுதி அது மட்டும்தான்.

கலிபோர்னியாவிலிருந்து:

சேர நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஹியரிங் (கோர்ட் விசாரணை) வார நாளில்தான் வரும், மேனேஜரிடம் முன்னாடியே பேசி வையுங்கள். வழக்கு முடியும்வரை இருக்க முடியாது என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். கேஸ் ஒர்க்கரும் வளர்ப்பு வீடும் ஏற்கனவே மாறிக்கொண்டே இருக்கும், நாமும் போனால் எப்படி? இன்னொன்று, இங்கே கோர்ட் நினைத்தால் படிப்பு பற்றி முடிவெடுக்கும் உரிமையை நம்மிடமே தரலாம். எனக்குத் தந்தார்கள். சிறப்புக் கல்வித் திட்டம் போடும் மீட்டிங்கில் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.