பாசல் மைதானத்தில் பூச்சியம் விழுந்த இரவு

நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி பாசலில் நடந்தபோது, மக்கள் வாக்கில் சுவிசுக்கு ஒரு புள்ளியும் விழவில்லை. அதை ஊர்க்காரர்களே கைவிட்டதுபோல "சொந்த ஊரிலேயே சுவிசுக்குப் பூச்சியம்" என்று சில உறவுகள் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு பாசலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சரியில்லை.

2025 மே 17, யூரோவிஷன் இறுதிப் போட்டி. போட்டி நடந்த சென்ட் யாகோப்ஸ்ஹாலே அரங்கத்துக்கு எங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அதனால் நான், மனைவி, மகள் மூவரும் பக்கத்திலேயே இருக்கிற கால்பந்து மைதானத்தில் பெரிய திரையில் பார்க்கப் போனோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்த ஊர்வலத்தில் சுவிசுக்காகப் பாடிய ஸோயி மே போனதையும் பார்த்திருந்தோம். பாசலில் பிறந்த பெண் என்பதால் சனம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, மகளுக்கு அன்றிலிருந்து அவர்தான் எல்லாம்.

அவர் பாடியது 'வோயாஜ்' என்று பிரெஞ்சில் ஒரு மென்மையான பாட்டு. ஆட்டம் இல்லை, நெருப்பு இல்லை, மேடையில் அவர் ஒருவர் மட்டும். முடிந்ததும் மைதானமே எழுந்து கைதட்டியது.

ஒவ்வொரு நாட்டின் நடுவர்களும் தனியாகப் புள்ளி கொடுப்பார்கள், மக்கள் வாக்குக்கும் தனியாகப் புள்ளி உண்டு, இரண்டையும் கூட்டித்தான் முடிவு. நடுவர்கள் சுவிசுக்கு 214 புள்ளி கொடுத்தார்கள், ஆஸ்திரியாவின் 258-க்கு அடுத்த இடம். மக்கள் வாக்கை நடுவர் பட்டியலின் அடியிலிருந்து மேலே அறிவிப்பார்கள் என்பதால் சுவிசின் முறை கடைசிக்கு முன்னால்தான் வந்தது. அவ்வளவு நேரமும் எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. பூச்சியம் என்றதும் முன்னால் நின்ற ஒரு வயதான சுவிஸ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார், மகள் அழுதேவிட்டாள், அப்புறம் யாரோ ஸோயியின் பேரைச் சொல்லிக் கத்த, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது அந்தப் பூச்சியக் கணக்குக்கு வருகிறேன். ஒரு நாட்டில் இருப்பவர் அந்த நாட்டுப் பாட்டுக்கு வாக்களிக்க முடியாது. அன்றைக்கு அவருக்காகத் தொண்டை கிழியக் கத்திய எங்களில் யாராலும், சுவிசில் வீட்டிலிருந்து பார்த்தவர்களாலும், ஒரு வாக்குக்கூடப் போட்டிருக்க முடியாது. பிறகு, ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்து இடங்களுக்குத்தான் புள்ளி. இறுதியில் 26 பாட்டு. எல்லா நாட்டிலும் பதினோராவது இடம் வந்தாலும் பூச்சியம்தான். ஆகவே யாருக்குமே பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அதே இரவு பிரித்தானியாவுக்கும் மக்கள் வாக்கில் பூச்சியம்தான். சுவிஸ் கடைசியில் பத்தாவது, 436 புள்ளியுடன் ஆஸ்திரியாவின் ஜேஜே வென்றார், அவர் குரலுக்கு அது தகும்.

சுவிசுக்கு இது புதிதும் இல்லை. 2021-இல் ரோட்டர்டாமில் சுவிசுக்காகப் பாடிய ஜோன்ஸ் டியர்ஸ் நடுவர் வாக்கில் முதலிடம், மக்கள் வாக்கும் சேர்ந்ததும் மூன்றாமிடம். 2022-இல் மாரியுஸ் பேர் என்ற சுவிஸ் பாடகருக்கும் மக்கள் வாக்கு பூச்சியம். சுவிசின் நெமோதான் 2024-இல் மால்மோவில் இரண்டு பக்கமும் நன்றாக வாங்கி 591 புள்ளியுடன் வென்றார். 1956-இல் லிஸ் அசியா, 1988-இல் செலின் டியோன் சுவிசுக்காக வென்றார்கள், அதற்குப் பிறகு 36 வருடம் காத்திருந்து கிடைத்த வெற்றி அது! வென்ற நாட்டில்தான் பொதுவாக அடுத்த வருடப் போட்டி நடக்கும், அதனால்தான் போட்டி பாசலுக்கே வந்தது. நகரத்தின் பணத்தை இதற்குச் செலவழிக்கலாமா என்று 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆம் என்றார்கள், அதில் என் வாக்கும் ஒன்று. இன்றைக்குக் கேட்டாலும் ஆம் என்றுதான் போடுவேன்.

என் எண்ணம், சுவிஸ் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை மூடிய கதவுக்குள் நடக்காமல் ஸ்வீடனில் போல தொலைக்காட்சியில் எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும். மேடையில் பலமுறை பாடிப் பழகி வருகிறவருக்கு வெளிநாட்டு ரசிகரும் முன்கூட்டியே சேருவார்கள். ஆனால் மென்மையான பாட்டே அனுப்பக்கூடாது என்று ஒரு அண்ணா எழுதியதை நான் ஏற்கவில்லை.

அன்றைக்கு அரங்கத்துக்கு உள்ளே இருந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள், அந்த நிமிடம் அங்கே எப்படி இருந்தது என்று மகளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.