புதுப்பிப்பு: மோட்ஸ்கின் கோவை வர்க்கங்களின் கூடுதலாக வந்துவிட்டது, ஒரு பெருக்கலுக்குப் பிறகு

க⁴ப² + க²ப⁴ + ம⁶ − 3க²ப²ம² எங்குமே பூச்சியத்துக்குக் கீழே போகாது. அப்புறம் ஏன் கணினி அதை 'வர்க்கங்களின் கூடுதல் அல்ல' (அதாவது, சில கோவைகளின் வர்க்கங்களைக் கூட்டி எழுத முடியாதது) என்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கணினி சொன்னது சரிதான். பூச்சியத்துக்குக் கீழே போகாமலேயே வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாத கோவைகள் உண்டு என்று 1888இல் கணிதவியலாளர் ஹில்பெர்ட் நிறுவினார். கண்ணெதிரே ஒன்றைக் காட்டியது 1967இல் மோட்ஸ்கின் என்ற கணிதவியலாளர். என்னுடையது அதேதான். வர்க்கத்துக்குள் க²ப, கப², கபம, ம³ ஆகிய உறுப்புகள் மட்டுமே வர முடியும். க²ப²ம² பிறப்பது (கபம)² வழியாக மட்டும்; வர்க்கத்தின் கெழு (முன்னால் நிற்கும் எண்) குறை எண் ஆகாது, ஆகவே அது −3 ஆக வழியே இல்லை. ம⁶இன் கெழுவை அதிகமாக்கிப் பார்க்கச் சொன்ன யோசனை பலிக்காததும் இதனால்தான். எவ்வளவு கூட்டினாலும் அந்த −3 அசையாது.

பலித்தது, க² + ப² + ம² ஆல் பெருக்கச் சொன்னது. பெருக்கியதும் ஐந்து வர்க்கங்கள்:

(க²பம − பம³)² + (கப²ம − கம³)² + (க²ப² − ம⁴)² + ¼(கப³ − க³ப)² + ¾(கப³ + க³ப − 2கபம²)²

எதிர்பாராதது ஒன்று: கணினி தந்த தசமங்களை அப்படியே விரித்தால் கடைசி இலக்கங்களில் பிசகியது. ¼, ¾ என்று பின்னமாக்கிக் கையால் விரித்த பிறகே எல்லா உறுப்பும் சரியாகப் பொருந்தியது.