ஆன்லைன் கேம்பெய்னுக்கு ஆள் சேர்த்த அனுபவங்கள்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் ஆட்டங்களில், மாதக்கணக்கில் தொடரும் கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர். ஆன்லைனில் கேம்பெய்ன் நடத்தினால் ஆட ஆள் கிடைப்பதில்லை என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். நான் பார்த்தவரை ஆட்டம் தேடி அலைகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு என்று ரோல்20 என்ற ஆட்டத் தளத்தில் ஒரு அறிவிப்புப் போட்டால், காலையில் எழுவதற்குள் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். ஆட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், நடத்த முன்வருகிற கேம் மாஸ்டர்கள்தான் குறைவு. கஷ்டம் எங்கே என்றால், முதல் வாரம் வந்த அதே ஐந்து பேர் மூன்றாவது மாதமும் வர வேண்டும். அதற்குத் தகுந்த ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் நடத்துவது கால் ஆஃப் குதுலு. 1981-இல் வந்த திகில் ஆட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிப் பழகியவர்கள் வாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆனால் இதில் சண்டைக்குப் போனவர் சீக்கிரம் சாவார். அதனால் அறிவிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன்: “ஹிட் பாயிண்ட் ஏறாது, சானிட்டி இறங்கும்.” அதாவது பாத்திரத்தின் உடல்பலம் வளராது, மனநலம் குலையும். பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நல்லது. அவர்களுக்கும் நேரம் மிச்சம், எனக்கும். செலவைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளில் நடத்தினால் நடத்துகிறவர் மட்டும் அதை வாங்கினால் போதும், ஆடுகிறவர்களுக்கு ஒரு பைசா செலவில்லை. குதுலு ஆட்டத்தை வெளியிடும் கேயாஸியம் தரும் குவிக்-ஸ்டார்ட் (சுருக்க) விதிகளும் இலவசம்தான். இது தெரியாமல் தயங்கி நிற்கும் மாணவர்கள் நிறைய.

விண்ணப்பத்தில் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: “உங்களோடு ஆடிய இன்னொருவரின் பாத்திரம் செய்த எந்தக் காரியம் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது?” பெரும்பாலானவர்கள் தங்கள் பாத்திரத்தின் பூர்வீகக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார்கள். எழுத்து நன்றாகவே இருக்கும். ஆனால் கேட்டதற்குப் பதில் இருக்காது. ஒரு பெண் எழுதியது மூன்றே வரி: “எங்கள் பூசாரி பாலத்தில் தனியாக நின்று எதிரிகளைத் தடுத்தார். நான் தப்பித்து ஓடினேன். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் என் பாத்திரம் அவருக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டுத்தான் தூங்கும்.” உடனே சேர்த்துக்கொண்டேன். இன்றும் எங்கள் மேசையில், அதாவது எங்கள் குழுவில், மற்றவர்களின் கதையை மறக்காமல் வைத்திருப்பவர் அவர்தான்.

அப்புறம் ஒரு ஒன்-ஷாட். மூன்று மணி நேரத்தில் முடிகிற தனிக்கதை. விதிகள் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக அல்ல, விதிகளை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்கத்தான். ஒருமுறை, நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் ஒரு புதியவரின் படத்தைச் சுற்றி, பேசும்போது தெரியும் பச்சை வளையம் வந்தது, “நான் வந்து...” என்று இழுத்தார், அதற்குள் இரண்டு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வளையம் அணைந்துவிட்டது. மூன்றாமவர், “கொஞ்சம் இருங்க, அவர் ஏதோ சொல்ல வந்தார்” என்றார். புதியவர் சொன்ன யோசனைதான் அன்று எல்லோரையும் பாதாள அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. புதியவருக்கும் அவருக்காகக் குரல் கொடுத்தவருக்கும் அன்று இரவே இடம் கொடுத்துவிட்டேன்.

இடம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பதிலே வராமல் காத்திருப்பது மிகவும் வேதனையான விஷயம்.

*

மேலே எழுதியவர் நடத்துகிறவர், நான் ஆடுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். நல்ல குழு உடைவதற்குப் பெரும்பாலும் சண்டை காரணமில்லை, கடிகாரம்தான் காரணம். லண்டன்காரர் ஒருவர் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு நடத்திய கேம்பெய்னில் சென்னையிலிருந்து சேர்ந்தேன். கோடையில் நமக்கு இரவு 11.30, சமாளித்துவிடலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது நள்ளிரவு 12.30 ஆகிவிட்டது. டொராண்டோவில் இருந்த தோழர் அடுத்த வாரம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து காத்திருந்தார், ஏனென்றால் அவர்கள் ஊரில் நவம்பர் முதல் ஞாயிறுதான் நேரம் மாறும். குளிர்காலத்தில் நானும் இன்னொரு இந்தியரும் விலக வேண்டியதாயிற்று. இரண்டு பேருமே மனசில்லாமல்தான் விலகினோம்.

ஆள் சேர்க்கும்போதே “நவம்பருக்குப் பிறகு இந்த நேரம் உங்களுக்கு ஒத்துவருமா?” என்று கேட்டுவிடுங்கள். டிஸ்கார்டில் டைம்ஸ்டாம்ப் போட்டால் அவரவர் ஊர் நேரத்திலேயே தெரியும்.

*

நான் மூன்றாவது ஆள். என் மனைவிக்கு நர்ஸ் வேலை, ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். குரல்வழி ஆட்டம் எங்களுக்குச் சரிவராது. எழுத்துவழி ஆடுகிறோம், ஆளுக்கு நாளைக்கு ஒரு பதிவு. இதற்கு ஆள் எடுக்கும்போது, அவர் ஏற்கெனவே இருக்கிற ஆட்டங்களில் எத்தனை நாளைக்கு ஒருமுறை எழுதுகிறார் என்று போய்ப் பார்த்துவிடுவேன். எழுத்துவழிக் குழுக்கள் கதையில் வரும் முதல் சண்டையில்தான் கலையும். முறை வந்தவர் எழுதாமல் இருக்க, மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள். எங்கள் மேசையில் எதிரிகளின் முறை முடிந்ததும் யார் முதலில் எழுதினாலும் சரி என்று வைத்துவிட்டேன். அதை அறிவிப்பிலேயே சொல்கிறேன்.

*

மேலே குதுலு பற்றி எழுதியவன்தான். செஷன் ஜீரோவை, அதாவது கதை தொடங்கும் முன் எல்லைகளைப் பேசி முடிப்பதை, சொல்லாமல் விட்டுவிட முடியாது, அதுவும் திகில் ஆட்டத்தில். எது கதையில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடந்தால் போதும் என்று எல்லோரிடமும் தனித்தனியே கேட்டு, பெயர் போடாமல் பொதுவில் ஒட்டுவேன். ஒருமுறை ‘குழந்தைகளுக்குத் தீங்கு வேண்டாம்’ என்று பட்டியலில் வந்தது. “திகில் கதையில் இதெல்லாம் பார்க்க முடியுமா, யார் கேட்டது?” என்று ஒருவர் திரும்பத் திரும்ப விசாரித்தார். பெயரைச் சொல்ல மறுத்துவிட்டு, இந்த மேசை உங்களுக்கு ஒத்துவராது என்று தனியாக எழுதினேன். அதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவர் யாரென்று மற்றவர்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கேம்பெய்ன் நான்கு பேரோடு தொடங்கி, அதே நான்கு பேரோடு முடிந்தது.